சின்னம்மாவின் பேணியில் சிவப்பு நூல்

உப்புவெளி அம்மா:
தரம் 6இல் படிக்கும் மகள் எச்.பி.வி. (மனித பப்பிலோமா வைரஸ்) தடுப்பூசிக்குச் சம்மதக் கடிதம் கொண்டுவந்திருக்கிறாள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் இந்த வைரஸால் வருகிறது என்று மிட்வைஃப் மிஸ் சொன்னார். சொன்னதுதான் தாமதம், வீட்டில் பிரச்சினை. சின்னம்மாவுக்கும் அதே நோய். மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை முடிந்து எங்களோடு இருக்கிறார். அவருடைய சில்வர் பேணிக்கு மாமியார் சிவப்பு நூல் கட்டிவிட்டார், பிள்ளைகள் தொடக்கூடாதாம். வைரஸ் எப்படிப் புற்றுநோய் ஆகும்? அது தொற்றுமா? ஊசியிலும் அதே வைரஸா?

சீனக்குடா லேப்காரன்:
அக்கா, முதலில் நூலை அவிழ்த்துவிடுங்கள். புற்றுநோய் பேணியால் பரவாது. எச்.பி.வி. தொற்றுவது பெரும்பாலும் பாலுறவில்.

வைரஸுக்குப் புற்றுநோய் தேவையே இல்லை. தன்னைப் படியெடுக்க அதற்குப் பெருகும் கலம் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கருப்பைக் கழுத்தின் மேற்படைக்கு ஏறிவரும் கலங்கள் பெருகுவதை நிறுத்தியிருக்கும். அதனால் வைரஸ் இ6, இ7 என்று இரண்டு புரதங்களைச் செய்கிறது. பெருக்கத்தை அடக்கிவைக்கும் ஆர்பி புரதத்தை இ7 பிடித்துக்கொள்ளும். பழுதான கலத்தைச் சாகவைக்கும் பி53 புரதத்தை இ6 அழிக்கவைக்கும். பிரேக்கும் போச்சு, காவற்காரனும் போச்சு. பெரும்பாலானோரின் உடல் ஓரிரு வருடத்தில் வைரஸை விரட்டிவிடும். போகாமல் பல வருடம் தங்கினால்தான் ஆபத்து: அடங்காமல் பெருகும் கலங்களில் பழுதுகள் சேர்ந்து புற்றுநோயாகலாம்.

1951இல் ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணின் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க் கட்டியிலிருந்து எடுத்த ஹீலா கலங்கள் இன்றும் ஆய்வுகூடங்களில் வளர்கின்றன. அவற்றுக்குள் இருப்பது இந்த வைரஸின் ஒரு வகை, எச்.பி.வி. 18. அந்த இரண்டு புரதங்களையும் நிறுத்தினால், இத்தனை காலம் அடங்காத கலங்கள் பெருகாமல் நின்றுவிடுகின்றன. எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஊசியில் வைரஸ் இல்லை. அதன் மேலுறைப் புரதம் மட்டும்தான். உள்ளே மரபணு இல்லாத வெறும் முட்டைக்கோது மாதிரி.

நிலாவெளி மாமி:
என் பேத்திக்கும் போட்டது. கை ஒருநாள் நொந்தது, சரி. பிள்ளை, உங்களுக்கு 35 வயதாகிவிட்டதா? சுகவனிதையர் கிளினிக்கில் பாப் பரிசோதனை செய்துகொள்ளுங்கோ, கருப்பைக் கழுத்துக் கலங்களை எடுத்துப் பார்ப்பார்கள். ஊசி மகளுக்குத்தானே.

உப்புவெளி அம்மா:
36 மாமி, இன்னும் போகவில்லை. புதன்கிழமை போகிறேன். கடிதத்தில் கையெழுத்து வைத்தாயிற்று. மாமியாருக்கு முட்டைக்கோது விளங்கியது, பி53 விளங்கவில்லை. நூலை அவிழ்க்க எனக்குத் துணிவு வரவில்லை. இன்று காலை பார்த்தால், மகள் அதே பேணியில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருக்கிறாள், நூலோடு.