அனெக்ஸேஷன்: கிரிமியாவுக்கு 'இணைப்பு' போதாது

அன்புடையீர்,

ஒரு நாடு இன்னொரு நாட்டின் மண்ணைத் தன்னுடையது என்று அறிவித்துச் சேர்த்துக்கொள்வதை ஆங்கிலத்தில் 'அனெக்ஸேஷன்' (annexation) என்கிறார்கள். தமிழில் அது வரும் இடமெல்லாம் 'இணைப்பு' என்றே போடலாம், எளிய சொல், எல்லோருக்கும் புரியும் என்று நண்பர் எழுதியிருந்தார். எளிமை எனக்கும் பிடிக்கும். ஆனால் கருங்கடலிலுள்ள கிரிமியா தீபகற்பத்தைப் பற்றிய கட்டுரையில் 'இணைப்பு' நம்மை ஏமாற்றிவிடும்.

வரைபடத்தைப் பாருங்கள். கிரிமியாவை உக்ரைனோடு ஒட்டவைத்திருப்பது பெரெகோப் பூசந்தி என்ற நிலத்துண்டு. ஒடுங்கிய இடத்தில் அகலம் சில கிலோமீட்டர்தான். குறுக்கே அகழி வெட்டிக் காவல் காத்த இடம் அது. பெயரே அகழியைச் சொல்கிறது. பக்கத்தில் சிவாஷ், ஆழமில்லாத உப்புக்கழி. கோடையில் நாறுவதால் 'அழுகிய கடல்' என்றும் பெயர். ரஷ்யாவோடு நிலத்தொடர்பு கிடையாது, நடுவே கெர்ச் நீரிணை. அதன்மேல் 2018-இல் பாலம் திறந்தார்கள். இப்போது எழுதிப் பாருங்கள்: '2014-இல் ரஷ்யா கிரிமியாவை இணைத்தது, 2018-இல் பாலத்தால் இணைத்தது.' இரண்டும் ஒரே வேலையா?

2014 பிப்ரவரி கடைசியில் அடையாளப் பட்டையில்லாத துப்பாக்கி வீரர்கள் கிரிமியத் தலைநகர் சிம்ஃபெரோபோலில் கிரிமிய நாடாளுமன்றக் கட்டடத்தைப் பிடித்தார்கள். மார்ச் 16-இல் ரஷ்யாவோடு சேர்வது பற்றிக் கிரிமியாவில் வாக்கெடுப்பு, 18-இல் சேர்த்துக்கொள்ள மாஸ்கோவில் ஒப்பந்தம். ரஷ்யா இதை 'மறு இணைவு' என்கிறது. அந்த வாக்கெடுப்பு செல்லாது என்று மார்ச் 27-இல் ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டது: ஆதரவு 100, எதிர்ப்பு 11, இந்தியா உட்பட 58 நாடுகள் விலகி நின்றன. வெறும் 'இணைப்பு' என்று எழுதினால் ஒரு தரப்பின் சொல் நம் எழுத்துக்குள் வந்துவிடுகிறது.

'ஆக்கிரமிப்பு' போதாதா என்றால், போதாது. படை வைத்துப் பிடித்திருப்பது ஆக்கிரமிப்பு. பிடித்த மண்ணைத் தன் சட்டப்படி தன் மண் என்று அறிவிப்பது அதற்கு அடுத்த படி. அந்தப் படிக்குத்தான் நமக்குச் சொல் வேண்டும்.

என் பரிந்துரை: வலிந்திணைப்பு. இலங்கையில் 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று சொல்லும்போது அந்த 'வலிந்து' எவ்வளவு கனமாக இறங்குகிறது! 'வலிந்து போய் உதவினான்' என்றும் சொல்கிறோமே என்று கேட்கலாம். அங்கும் யாரும் கூப்பிடாமல் போவதுதானே பொருள். இங்கும் அது பொருந்தும். 1783-இல் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் கிரிமியாவைத் தன் பேரரசோடு சேர்த்துக்கொண்டதற்கும் இதே சொல்லை ஆளலாம். 1954-இல் கிரிமியா சோவியத்துக்குள் ரஷ்யக் குடியரசிடமிருந்து உக்ரைன் குடியரசுக்குப் போனது வேறு கதை. அதற்குக் 'கைமாற்றம்' போதும்.

'பெனின்சுலா'வுக்குத் (peninsula) தீபகற்பமா குடாநாடா என்ற கேள்வியும் வந்தது. இரண்டும் வழக்கில் உள்ளவை, அவரவர் ஊர்வழக்குப்படி எழுதட்டும்.

வினையாகவும் சொல்லிப் பாருங்கள்: 'ரஷ்யா கிரிமியாவை வலிந்திணைத்தது.' வாயில் தடையில்லாமல் வருகிறதா, சொல்லுங்கள்.