தூண்டில் வளைவுக்குக் கையெழுத்துப் போடலாமா?

கரைவலைக்காரர் மகன்:
எங்கள் ஊர் புதுச்சேரிக்கு வடக்கே, விழுப்புரம் மாவட்டக் கடலோரம். நான் சின்னப் பையனாக இருந்தபோது கோயிலைத் தாண்டி வலை காயவைக்க இடம், அப்புறம் படகு ஏற்றி வைக்க இடம், அதற்கப்புறம்தான் அலை. இப்போது கோயில் மதிலே இல்லை. மூன்றாவது வரிசை வீடுகள் முதல் வரிசையாகிவிட்டன. போன மழைக்காலத்தில் சித்தப்பா வீட்டுச் சமையலறை பாதி இடிந்தது; மீதிப் பாதியில் சித்தி இன்னும் சமைக்கிறார்.

அரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கற்சுவர்தான் தூண்டில் வளைவு. அதைக் கேட்டு மனு கொடுக்க ஊர்ப் பஞ்சாயத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். அப்பா மட்டும் போடவில்லை. கல் இறங்கினால், கரையில் நின்றபடி இழுக்கும் கரைவலைக்கு இடம் இருக்காது, வலையும் கிழியும் என்கிறார். "வீடே போகுது, வலை எதுக்கு?" என்கிறார் சித்தப்பா. இருவரும் இப்போது பேசிக்கொள்வதில்லை. நான் சென்னையில் வேலை பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வருகிறேன். கல்லைத் தவிர வேறு வழி உண்டா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற பொறியாளர்:
தம்பி, கடல் உங்கள் ஊரைத் தின்பதாகப் பார்க்காமல், உங்கள் ஊருக்கு வர வேண்டிய மணல் எங்கே நின்றுவிட்டது என்று பாருங்கள். நம் கரையில் வருடத்தில் எட்டு ஒன்பது மாதம் அலை தெற்கிலிருந்து சாய்வாக வந்து மணலை வடக்கே தள்ளுகிறது. வாடைக்காற்று மாதங்களில் கொஞ்சம் திரும்பும், அவ்வளவுதான். குறுக்கே எதைக் கட்டினாலும் தெற்கே மணல் சேரும், வடக்கே அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு மெரினா அகலமானதும் ராயபுரம் பக்கம் கரைந்ததும் இதனால்தான். புதுச்சேரித் துறைமுகத்தின் அலைத் தடுப்புச் சுவர்கள் 1980களின் கடைசியில் வந்தன. தெற்கே தேங்கும் மணலை எடுத்து வடக்கே கொட்டும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தது. அது ஒழுங்காக நடக்கவில்லை.

தூண்டில் வளைவும் குறுக்கே கட்டுவதுதான். உங்கள் ஊருக்கு மணல் கிடைக்கலாம், அடுத்த ஊருக்குக் கிடைக்காது. புதுச்சேரி தலைமைச் செயலகத்துக்கு எதிரே தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் எஃகில் ஒரு செயற்கைப் பார், அதாவது அலையின் வேகத்தைக் குறைக்கும் திட்டு, செய்து நீருக்கடியில் இறக்கியது. துறைமுகத்தில் தூர்வாரிய மணலையும் கொட்டினார்கள். வெறும் கல்லாகக் கிடந்த இடத்தில் மணற்கரை திரும்பியது, போய்ப் பாருங்கள். ஆனால் அது நகரத்துக் கரை, அங்கே பணம் கிடைத்தது.

கடல்மட்டமும் சும்மா இல்லை. வட இந்தியப் பெருங்கடலில் 1993க்குப் பிறகு வருடத்துக்குச் சராசரி 3.3 மில்லிமீட்டர் ஏறியிருக்கிறது. மணல் இல்லாத கரையில்தான் அந்த உயர்வு முதலில் வீட்டுக்குள் வரும். உங்கள் சித்தப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன்.

வடக்குக் குப்பம்:
நான் அந்த 'அடுத்த ஊர்'. புதுச்சேரி நகரத்துக்குக் கல் போட்டார்கள், கோட்டக்குப்பம் பக்கம் வீடுகள் போயின. அப்புறம் சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று வரிசையாக வடக்கே வந்தது. ஒவ்வொரு ஊரும் தனக்கு மட்டும் கல் கேட்டு, தொல்லையை அடுத்த ஊருக்குத் தள்ளிவிடுகிறது. எங்களிடம் படகு ஏற்றக் கரையே இல்லை. துறைமுகத்தில் கட்டிவிட்டு ஊருக்கும் அதற்கும் வண்டியில் அலைகிறோம். உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள், கையெழுத்துப் போடாதவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை.

கருவாட்டுக் கடை:
எல்லாரும் வலை, படகு என்றே பேசுகிறீர்கள். மீன் காயப்போட்ட மணல் போனதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கல் மேலே காயப்போட முடியாது, ரோட்டில் போட்டால் தூசியும் வண்டியும். எங்கள் ஊரில் பெண்கள் பாதிப் பேர் இதனால்தான் வியாபாரத்தை விட்டுவிட்டு நூறு நாள் வேலைக்குப் போகிறார்கள். தம்பி, உங்கள் கூட்டத்துக்குப் பெண்களைக் கூப்பிட்டிருக்கிறார்களா?

கரைவலைக்காரர் மகன்:
இல்லை அக்கா, ஆண்கள் மட்டும்தான். கேட்டுப் பார்க்கிறேன்.
ஐயா, ஒரு சந்தேகம். மணல் தேங்குவது புதுச்சேரியில், அரிப்பது தமிழ்நாட்டில். மணலைக் கொண்டுவரச் சொல்லி யாரிடம் மனு கொடுப்பது?

ஓய்வுபெற்ற பொறியாளர்:
அந்த இடத்தில்தான் எல்லா மனுவும் நின்றுபோகிறது. அவர்கள் இவர்களைக் கைகாட்டுவார்கள், இவர்கள் அவர்களை. இரண்டு அரசுக்கும் ஒரே மனுவைக் கொடுங்கள், இரண்டு பக்கத்துக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையங்களுக்கும் நகல் போகட்டும். ஒரு ஊர் தனியாகக் கேட்டால் கல்லைக் கொட்டிவிட்டுப் போவார்கள். அஞ்சாறு ஊர் சேர்ந்து மணல் கேட்டால்தான் அது துறைமுகத்தைப் பற்றிய பேச்சாக மாறும். சித்தப்பா வீட்டு விஷயம் இதற்காகக் காத்திருக்க முடியாது. ஊருக்குள்ளேயே, கரையிலிருந்து தள்ளி மாற்றுமனை கேட்டு அதற்குத் தனி மனு எழுதுங்கள்.

வடக்குக் குப்பம்:
ஞாயிறு எத்தனை மணிக்கு? எங்கள் ஊரிலிருந்து நாலைந்து பேர் வருகிறோம். ஆனால் தூண்டில் வளைவு மனுவை எடுத்தால் எழுந்து போய்விடுவோம், இப்போதே சொல்லிவிட்டேன்.