துபாயில் தனியாகப் போறவங்களுக்கு டெசர்ட் பக்கி: பிரைவேட்டா, ஷேரிங்கா?

அம்மாபேட்டை_நூல்:

வணக்கம். ஜனவரி கடைசியில ஆபீஸ் வேலையா துபாய் போறேன். வெள்ளிக்கிழமை மதியத்தோட வேலை முடியுது. சனிக்கிழமை ராத்திரி ஷார்ஜாவுல இருந்து கோயம்புத்தூர் ஃபிளைட். நடுவுல பாலைவனத்துல பக்கி, அதான் கூண்டுக் கம்பி வெச்ச சின்ன மணல் வண்டி, ஓட்டணும்னு ரொம்ப நாள் ஆசை. கூட யாரும் இல்லை.

ரெண்டு விலை சொல்றாங்க. ஷேரிங் 1 மணி நேரம் 650 திர்ஹாம், பிரைவேட் அதே 1 மணி நேரம் 1,100 திர்ஹாம். ரெண்டுமே டூ சீட்டர், போலாரிஸ் ஆர்இசட்ஆர் 1000 மாடல்னு போட்டிருக்கு. சேலத்துல தினமும் கார் ஓட்டறேன், ஏற்காடு மலைப்பாதையும் பழக்கம்தான். மணல்ல ஓட்டினதே கிடையாது. பொண்ணு தனியா போறதால காசு போனாலும் பிரைவேட்தான் பாதுகாப்புன்னு வீட்டுல சொல்றாங்க. சரிதானா? புக் பண்றதுக்கு முன்னாடி என்னென்ன கேக்கணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

திருமணிமுத்தாறு:

பிரைவேட்னாலே பாதுகாப்பு, ஷேரிங்னாலே ஆபத்துன்னு கிடையாதுங்க. மணல்ல முதல் தடவை ஓட்டறவங்களுக்கு, நாலு வண்டிக்கு மேல போகாத சின்ன ஷேரிங்கைத்தான் நான் சொல்வேன். ஆனா அவங்க எதை ஷேர் பண்ணச் சொல்றாங்கன்னு முதல்ல தெளிவாக்கிக்கணும்.

சில இடத்துல சீட்டையே ஷேர் பண்ணச் சொல்வாங்க. முன்பின் தெரியாத ஒருத்தரோட ஒரே வண்டி, ஆளுக்குப் பாதி நேரம் ஸ்டீயரிங். சில இடத்துல கைடு மட்டும்தான் பொது. வண்டி முழுசா உங்களுக்கு. இன்னும் சில இடத்துல ஓட்டல்ல இருந்து ஏத்திட்டுப் போற லேண்ட் குரூசர் மட்டும் ஷேரிங்கா இருக்கும். விளம்பரத்துல மூணுக்கும் ஒரே பேர்தான். உங்களுக்கு வேண்டியது ரெண்டாவது.

பிரைவேட்லயும் இதே மாதிரி ஒரு கேள்வி இருக்கு. கைடு தனி வண்டியில முன்னாடி போவாரா, உங்க பக்கத்து சீட்ல உக்காருவாரா? பக்கத்துல உக்காந்தா பாலைவனத்துல மொத்தமே ஒரே வண்டி. அது நின்னா இழுக்க ஆள் கிடையாது. தனி வண்டியில போனாலும் ரெண்டே வண்டிதான். கைடு வண்டியில சக்கரத்தைச் சுத்த வைக்கற பெல்ட் அறுந்துச்சுன்னா மிச்சம் இருக்கற ஒரே வண்டி, மணல் பழகாத உங்க கையில இருக்கும். ஷேரிங்ல முன்னாடி ஒரு கைடு, கடைசியில அவங்க ஆள் ஒருத்தர்னு இருந்தா இந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்துடும். கடைசி வண்டி ஆள் இருக்காரான்னு கட்டாயம் கேளுங்க. கைடு ஒருத்தர் பின்னாடி ஆறேழு வண்டி, கடைசியில யாருமில்லைன்னா அந்த ஷேரிங் வேண்டாம்.

அடுத்தது விலை. 650 ஒரு வண்டிக்கா, ஒரு ஆளுக்கா? ஆளுக்கு 650, குறைஞ்சது 2 பேர்னு கணக்கு வெச்சிருந்தா தனியா போற உங்களுக்கு 1,300 ஆயிடும். அப்ப பிரைவேட்தான் மலிவு. அங்க வாட் 5 சதவீதம். வரி சேர்க்காம சொல்லியிருந்தா 650ங்கறது 682.50 ஆகும்.

1 மணி நேரம்ங்கறது இன்ஜின் ஓடற நேரமா, ஹெல்மெட் மாட்டி விளக்கம் சொல்றதும் சேர்த்தான்னும் கேளுங்க. ஷேரிங்ல ஒருத்தர் மணல்ல மாட்டினா அவரை எடுக்கற வரைக்கும் அத்தனை வண்டியும் நிக்கணும். ஆறு வண்டி போற கூட்டத்துல இப்படி ரெண்டு தடவை நின்னாலே உங்க நேரத்துல நல்லா ஒரு பங்கு போயிடும். பிரைவேட்டுக்குக் கூடுதலா குடுக்கற 450 திர்ஹாம் உண்மையில இந்த நேரத்துக்குத்தான்.

வாட்ஸ்அப்ல ஒரே மெசேஜா கேட்டு, பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்குங்க: வண்டியில நான் மட்டும்தானா? ஒரு கைடுக்கு அதிகபட்சம் எத்தனை வண்டி? கடைசி வண்டியில உங்க ஆள் உண்டா? வரி சேர்ந்த மொத்த விலை என்ன? வண்டி சேதமானா நான் கட்ட வேண்டிய உச்சவரம்பு எவ்வளவு, உருண்டாலும் அதே வரம்புதானா? இந்தக் கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் பிரச்சினை இல்லை"ன்னு பதில் வந்தா வேற இடம் பாருங்க. சேதமானா கேக்க மாட்டோம்னு டேமேஜ் வேவர்ங்கற பேர்ல தனியா காசு வாங்கிட்டு, உருண்டா அதுல சேராதுன்னு கையெழுத்து வாங்கற தாள்ல சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க.

டெபாசிட்டுக்கு ஒரிஜினல் பாஸ்போர்ட்டைக் குடுக்கவே குடுக்காதீங்க. நகல் போதும். பணத்துக்கு கார்டுல தொகையை பிளாக் பண்ணட்டும். ஏறறதுக்கு முன்னாடி வண்டியைச் சுத்தி ஒரு வீடியோ எடுங்க: முன் பம்பர், நாலு சக்கரம், கதவு, மேல் கம்பி. ஏற்கெனவே இருக்கற கீறலுக்கு உங்ககிட்ட காசு கேக்கறதுதான் அங்க அடிக்கடி வர்ற தகராறு.

ஐந்துரோடு_பெல்ட்:

அண்ணன் சொன்னதுல புக்கிங் விஷயம் முழுசா வந்துடுச்சு. நான் வண்டியைப் பத்தி மட்டும் சொல்றேன். பிரைவேட்டா ஷேரிங்கான்னு முடிவு பண்ணவும் இது உதவும்.

அக்கா, இந்த வண்டியில கிளட்ச் மிதி கிடையாது. ஆக்டிவால இருக்கற மாதிரியே ரெண்டு புல்லிக்கு நடுவுல ஒரு ரப்பர் பெல்ட், அவ்வளவுதான். டிரைவர் சீட் இடது பக்கம். கியர் செலக்டர்ல எச் (சாதாரண ஓட்டத்துக்கு), எல் (மெதுவா, கூடுதல் இழுவைக்கு), நியூட்ரல், ரிவர்ஸ், பார்க் இருக்கும். மணல்ல வண்டி கெடறதுல பெரும்பங்கு இந்த பெல்ட்தான். சக்கரம் புதைஞ்சு நகராம நிக்கும்போது ஆக்சிலேட்டரை மிதிச்சா பெல்ட் புல்லியில வழுக்கி சூடேறும். முதல்ல கருகின ரப்பர் வாசனை வரும், அப்புறம் அறுந்துடும். சக்கரமும் அடுத்த சில நொடியில வயிறு வரைக்கும் குழி பறிச்சிடும். அதனால வண்டி முன்னேறலைன்னு தெரிஞ்ச உடனே காலை எடுத்துடுங்க. ஸ்டீயரிங்கை நேரா வெச்சு, ஃபோர் வீல் சுவிட்ச் போட்டிருக்கான்னு பாத்து, ரிவர்ஸ்ல வந்த தடத்துலயே மெதுவா பின்னாடி வாங்க. வரலைன்னா விட்டுடுங்க. கைடு வந்து சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மணலை அள்ளி, எல் கியர்ல போட்டு எடுப்பார். ஸ்ட்ராப் (இழுவைப் பட்டை) கட்டி வண்டியை இழுக்கும்போது அது போற நேர்கோட்டுல நிக்காதீங்க. அறுந்தா சாட்டையா அடிக்கும்.

ஏற்காடு பழக்கம் இருக்குன்னு சொன்னீங்க. அந்த 20 ஹேர்பின்லயும் நாம வளைவுக்கு முன்னாடி வேகத்தைக் குறைச்சு கியர் இறக்குவோம். மணல் மேட்டுல அதே பழக்கம்தான் மாட்டி விடும். ஏறும்போது பாதியில காலை எடுத்தா அங்கேயே புதையும். கீழேயே வேகம் சேர்த்துக்கிட்டு, மேட்டுக்கு நேரா, ஒரே சீரா ஏறணும். சாய்வா ஏறக் கூடாது.

உச்சி வர்ற இடம்தான் ரொம்ப முக்கியம். மணல் மேடு ரெண்டு பக்கமும் ஒரே சரிவா இருக்காது. காத்து அடிக்கற பக்கம் சாஞ்சு படுத்திருக்கும். மறுபக்கம் மணல் சரிஞ்சு சரிஞ்சு 30 டிகிரிக்கு மேல செங்குத்தா விழுந்திருக்கும். கீழ இருந்து பாத்தா அது தெரியாது. முழு ஆக்சிலேட்டரோட உச்சியைத் தாண்டினா வண்டி காத்துல பறந்து மூக்கு குத்தும். உச்சிக்குக் கொஞ்சம் முன்னாடி காலைத் தளர்த்தி, மூக்கு மட்டும் அந்தப் பக்கம் எட்டிப் பாக்கற மாதிரி நிதானிச்சு, நேரா இறங்கணும். முன்னாடி வண்டி உச்சியைத் தாண்டி கீழ போய், கைடு கை காட்டின பிறகுதான் நீங்க ஏற ஆரம்பிக்கணும். சின்னக் கொடி கட்டின நீளக் கம்பி ஒவ்வொரு வண்டியிலயும் நிக்கறது எதுக்குன்னா, மேட்டுக்கு அந்தப் பக்கம் வண்டி இருக்கறது அதை வெச்சுத்தான் தெரியும். கம்பி உடைஞ்ச வண்டியில ஏறாதீங்க.

உச்சி வரைக்கும் போக முடியலைன்னா நடுச்சரிவுல திருப்பவே கூடாது. வண்டி உருள்றது பெரும்பாலும் அங்கதான். ரிவர்ஸ் போட்டு நேரா பின்னாடி இறங்குங்க. பக்கவாட்டுல சறுக்க ஆரம்பிச்சா பிரேக் பிடிக்காம ஸ்டீயரிங்கைப் பள்ளத்துப் பக்கம் திருப்பி லேசா ஆக்சிலேட்டர் குடுங்க. இது மனசுக்கு நேர் எதிரா தோணும், ஆனா வண்டி நிமிர்றது அப்படித்தான். நீங்க ஒருத்தர்தான், வலது சீட் காலி. எடை இடது பக்கம் இருக்கும். இடது பக்கம் பள்ளமா இருக்கற சரிவுல கூடுதல் கவனம் வேணும்.

ஒருவேளை உருண்டா கையை வெளிய ஊணாதீங்க, கூண்டுக் கம்பியைப் பிடிக்காதீங்க. தலைகீழா நின்னுட்டா சாவியை அணைச்சிட்டு, ஒரு கையை மேல முட்டுக் குடுத்த பிறகுதான் சீட் பெல்ட்டைக் கழட்டணும். இல்லைன்னா உடம்போட எடை மொத்தமும் கழுத்துல இறங்கும்.

இப்ப முடிவுக்கு வர்றேன். மேல சொன்ன அத்தனையும் கைடு வேகத்தைப் பொறுத்தது. ஷேரிங்ல அவர் கூட்டத்துலயே மெதுவா ஓட்டறவங்களுக்கு ஏத்த மாதிரிதான் போகணும். முதல் தடவைக்கு அது நல்லதுதான். 650ஐயே எடுங்க.

லூப்ரோடு_மிளகு:

எனக்கு இதுல முழுசா சம்மதம் இல்லை. கைடு மெதுவா போகணும்ங்கறது சரி, போறாரான்னு யார் பாத்தா? கூட வர்ற மூணு வண்டியும் நண்பர்கள் கூட்டமா இருந்து "வேகமா போலாம்"னு கத்தினா அவங்க இழுப்புக்குத்தான் போகும். தனியா வந்த ஒரு பொண்ணு "மெதுவா"ன்னு சொல்றது அங்க எடுபடாது. அதுக்கும் ஒரு வழி இருக்கு: கைடுக்கு அடுத்த ரெண்டாவது வண்டி எனக்கு வேணும்னு முன்னாடியே சொல்லிடுங்க. புதுசா ஓட்டறவங்களை அங்கதான் விடணும். கடைசியில விட்டா முன்னாடி போன எல்லார் சக்கரமும் கிளறி இளகின மணல் உங்களுக்கு வரும், புழுதியும் முழுக்க உங்க மேலதான். இதுக்கு ஒத்துக்கலைன்னா பிரைவேட் எடுங்க.

கழுத்து, இடுப்பு வலி இருந்தாலும் பிரைவேட்தான், நினைச்ச இடத்துல நிறுத்தலாம். கர்ப்பமா இருந்தா ரெண்டுமே வேண்டாம்.

வெள்ளி சாயங்காலம் வேண்டாம். ஷார்ஜாவுல வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாளும் வாராந்திர விடுமுறை. பதாயர் மணல் மேடு, அதான் பிக் ரெட்னு சொல்றது, ஷார்ஜா எல்லையில இருக்கு. வெள்ளி சாயங்காலம் சொந்த வண்டிக்காரங்க நிறைய வருவாங்க, மேட்டுக்கு எதிர்ப்பக்கத்துல இருந்து யார் ஏறி வர்றாங்கன்னு தெரியாது. சனிக்கிழமை காலையில முதல் டூரைக் கேளுங்க. ஜனவரியில ராத்திரி பனி இறங்கி மணல் கொஞ்சம் இறுகியிருக்கும், புதையறது குறையும். சில நாள் காலையில மூடுபனி இருக்கும். கண்ணுக்கு எட்டற தூரம் தெரியலைன்னா கைடு தள்ளிப் போடத்தான் செய்வார், அவசரப்படுத்தாதீங்க.

துப்பட்டா வேண்டவே வேண்டாம். பின்னல் இருந்தா சட்டைக்குள்ள விட்டுடுங்க. கழுத்துக்கு இறுக்கமான பஃப் (குழாய் மாதிரி மாட்டற துணி), முழுக்கை காட்டன் சட்டை, கட்டின ஷூ. கான்டாக்ட் லென்ஸ் போட்டா மணல் உறுத்தும். கண்ணாடி போட்டு அதுக்கு மேல காகிள்ஸ் உக்காருதான்னு அங்கேயே மாட்டிப் பாருங்க.

அம்மாபேட்டை_நூல்:

ரொம்ப நன்றி. கேட்டுட்டேன். 650 வண்டிக்குத்தான், வரி தனி. கைடு ஒருத்தர், கடைசி வண்டியில ஒருத்தர், நடுவுல அதிகபட்சம் 4 வண்டி. ரெண்டாவது வண்டிக்கும் ஒத்துக்கிட்டாங்க, சனி காலை 8 மணி. உருண்டா உச்சவரம்பு பத்தி மட்டும் இன்னும் பதில் வரலை. அப்புறம், ஆபீஸ்ல எடுத்துக் குடுத்த டிராவல் இன்ஷூரன்ஸ் இதுக்குச் செல்லுமா?

திருமணிமுத்தாறு:

பாலிசித் தாள்ல "விலக்குகள்" பகுதியைப் பாருங்க. சாகச விளையாட்டுன்னு பொதுவா விலக்கியிருந்தா பக்கியும் அதுல மாட்டும். ஆபீஸ் பாலிசி வேலைப் பயணத்துக்கு மட்டும்னு இருந்தா சனிக்கிழமையே அதுல வராது. தனியா ஒரு பாலிசி, சாகச விளையாட்டு சேர்த்து எடுக்கறதா இருந்தா ஊர்லயே கிளம்பறதுக்கு முன்னாடி எடுத்துடுங்க. உச்சவரம்புக்கு எழுத்துல பதில் வராம அட்வான்ஸ் அனுப்பாதீங்க.

வீட்டுல ஒண்ணு சொல்லி வைங்க. அங்க வாட்ஸ்அப் கால் போகாது. மெசேஜும் லைவ் லொகேஷனும் போகும். சிம் ரோமிங் இருந்தா சாதாரண காலே பேசிக்கலாம். சேலத்துல மணி 9:30ன்னா அங்க 8. ஹெல்மெட் மாட்டறதுக்கு முன்னாடி 8 மணி நேரத்துக்கு லொகேஷன் போட்டு விட்டுடுங்க. மேடுகளுக்கு நடுவுல சிக்னல் விட்டு விட்டு வரும், புள்ளி கொஞ்ச நேரம் நகராம நின்னா பதற வேண்டாம்னும் சேர்த்துச் சொல்லிடுங்க. அங்க ஆம்புலன்ஸ் எண் 998, போலீஸ் 999.