தொலைதூர நண்பருக்கு நம் ஊரைக் காட்டியபோது: உங்கள் அனுபவம் என்ன?

வடுவூர் ஏரிக்கரை:

நார்வேயின் வடகோடியில் திரோம்சோ என்று ஓர் ஊர். அங்குள்ள பள்ளி ஆசிரியை ஒருவர் பறவைப் படங்கள் வழியாக எனக்குப் பழக்கமானார். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதிவரை அங்கே சூரியன் எழுவதே இல்லை. "உங்கள் ஊரில் விடிவதைத் தினமும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்" என்று கேட்டார். அனுப்பினேன். கார்த்திகையில் பாதி நாள் வெறும் சாம்பல் வானம்தான். மார்கழியில் சம்பா வயல்மேல் பனி இறங்கி, வரப்பு எது வாய்க்கால் எது என்று தெரியாத காலைகள். ஏரியில் நத்தைகுத்தி நாரைகள். எல்லாவற்றுக்கும் ஒரு வரி பதில் வரும்.

பொங்கலன்று வாசலில் பானை வைத்தோம். கழுத்தில் மஞ்சள்கொத்தும் இஞ்சிக்கொத்தும். பால் நுரை விளிம்புவரை ஏறி, வழியலாமா வேண்டாமா என்று நின்ற நொடியில் எடுத்தேன். பின்னால் தென்னைக்கு மேலே சூரியன். அன்று அவர் எழுதியது: "உங்களுக்குத் தினமும் வருகிறதே, பிறகு ஏன் நன்றி சொல்கிறீர்கள்?"

நெல், உழவு, தை என்றெல்லாம் தட்டச்சு செய்து அழித்தேன். ஒரு வாரம் கழித்து அவர் ஒரு படம் அனுப்பினார். அவர்கள் ஊரில் சூரியன் திரும்பினாலும் மலை மறைத்துவிடுமாம். ஊருக்குள் கண்ணில் படுவதற்கு ஜனவரி 21 ஆகிவிடுமாம். பிள்ளைகள் கையில் இனிப்பு ரொட்டியோடு, பனியில் முழங்கால்வரை புதைந்து, ஒரே பக்கம் பார்த்து நிற்கிறார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பானையைப் பார்த்து நின்ற அதே முகம். மூன்று வருடமாகிறது. அவருடைய கேள்விக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.


வேதை தென்னந்தோப்பு:

2018 நவம்பர் 15, இரவு, வேதாரண்யம். கஜா புயலைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பிலிப்பைன்ஸில் லேய்த்தே தீவில் ஒரு தென்னை விவசாயி. காண்டாமிருக வண்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுப் பழக்கமானவர். 2013 நவம்பர் 8 அன்று வந்த ஹையான் புயலில் தோப்பு முழுவதையும் இழந்தவர். கஜா வந்த அன்று மாலை டவர் போவதற்கு முன்னால் அவரிடமிருந்து கடைசியாக வந்த செய்தி இது: "காற்று திடீரென்று நின்றுவிட்டால் கதவைத் திறக்காதே. புயலின் கண் உன் தலைக்குமேல் இருக்கிறது என்று பொருள். எதிர்ப்பக்கத்திலிருந்து மறுபடியும் வரும்."

நள்ளிரவுக்குமேல் காற்று நின்றது. அதுவரை வடக்கிலிருந்து அடித்த காற்று கையால் பிடித்து நிறுத்தியதைப்போல நின்றது. ஓட்டிலிருந்து நீர் சொட்டுவது ஒவ்வொன்றாகக் கேட்டது. கொட்டிலில் பசு கத்தியது. அப்பா தாழ்ப்பாளில் கைவைத்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். அப்பாவை அப்படிப் பிடித்தது என் வாழ்நாளில் அந்த ஒரு முறைதான். "மாடுடா" என்றார். விடவில்லை.

அரை மணி நேரம்கூட இருக்காது. தெற்கிலிருந்து வந்தது. முதல் காற்றில் தப்பிய மரங்கள் எல்லாம் இதில் வடக்கே தலைவைத்துச் சாய்ந்தன. கொட்டில் இருந்த இடத்தில் விடிந்ததும் மூங்கில்கால் ஒன்று மட்டும் நின்றது. பசு கட்டிய கயிற்றோடு கிடந்தது.

மின்சாரம் வரப் பல வாரங்கள் ஆயின. டிராக்டர் பேட்டரியில் செல்போனுக்கு உயிர் கொடுத்தபோது, அவருடைய ஒரே கேள்வி பதினோரு முறை வந்து கிடந்தது: "திரும்பி வந்ததா?" விழுந்த தோப்பின் படத்தை அனுப்பினேன். அவர் ஓர் எழுத்தும் எழுதவில்லை. ஹையானுக்குப் பிறகு நட்ட தென்னையில் முதல் பாளை வெடித்திருக்கும் படத்தை அனுப்பினார்.

என் அப்பா உயிரோடு இருப்பது அவர் சொன்ன வார்த்தையால். ஆனால் அப்பா இன்றும் ஐப்பசி பிறந்தால் சொல்கிறார்: "விட்டிருந்தால் அவிழ்த்துவிட்டு வந்திருப்பேன்."


பேராவூரணி:

வேதை நண்பருக்கு: மரம் எல்லாம் வடக்கே சாய்ந்தது என்று பொதுவாக எழுதாதீர்கள். எங்கள் பக்கம் காற்று நிற்கவே இல்லை. வடக்கில் தொடங்கி, விடியும்வரை மேற்கே திரும்பிக்கொண்டே இருந்தது. மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. அறுத்து எடுக்கவே மாதங்கள் ஆயின. புயலின் கண் கடந்த இடத்துக்கும் பக்கவாட்டில் இருந்த எங்களுக்கும் அதுதான் வேறுபாடு. எல்லாருக்கும் ஒரே புயல் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பதுதான் எனக்குப் பொறுக்காதது.

ஜெர்மனியில் எனக்கும் ஒரு நண்பர் உண்டு. விழுந்த தோப்பைக் காட்டியபோது, "புயல் வரும் இடத்தில் ஏன் தென்னையை வைத்தீர்கள்?" என்று கேட்டார். தவறாகக் கேட்கவில்லை. அறியாமல் கேட்டதுதான். இருந்தும் அதற்குப்பின் அவருக்கு எந்தப் படமும் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.


வேதை தென்னந்தோப்பு:

பேராவூரணி அண்ணன் சொல்வது சரி. நான் எங்கள் தோப்பை மட்டும்தான் சொன்னேன். ஜெர்மன்காரருக்கு ஒரு இளநீர் படமாவது அனுப்புங்கள் அண்ணா.


குடமுருட்டிக் கரை:

வடுவூர் ஐயாவிடம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஏரிப் பறவைகளைத் தினமும் அனுப்பினீர்கள், மகிழ்ச்சி. வடுவூர் சரணாலயம், காவல் உண்டு, உலகத்துக்கே தெரிந்த இடம். மற்றவர்கள் அதைப் பார்த்து அப்படியே செய்துவிடக் கூடாது.

எங்கள் ஊர்க் குளத்து மூங்கில் புதரில் மடையான் என்னும் குளத்துக்கொக்குகள் கூட்டமாக அடைந்தன. ஊர்ப் பெயரோடு இங்கிலாந்து நண்பருக்கு அனுப்பினேன். அவர் ஆசையாகப் பொதுவில் போட்டார். பத்து நாள் கழித்து விடியலில் ஒரு மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் மடையான்கள் தலைகீழாகத் தொங்கியதைப் பார்த்தேன். கால்கள் வாழைநாரால் கட்டப்பட்டிருந்தன. ஒன்றின் மஞ்சள் கண் மட்டும் மூடி மூடித் திறந்தது. படத்தைப் பார்த்துத்தான் வந்தார்களா என்று எனக்குத் தெரியாது. அந்தச் சந்தேகமே போதுமானதாக இருக்கிறது.

ஆகவே தயவுசெய்து கேளுங்கள். செல்போன் கேமராவில் இருப்பிடம் பதியும் வசதியை அணைத்துவிடுங்கள். சில வகையில் அனுப்பும்போது படத்தோடு அந்த விவரமும் சேர்ந்தே போகும். கூடு கட்டும் இடம், இரவில் அடையும் இடம் இரண்டையும் யாருக்கும் சொல்லாதீர்கள். மாவட்டம் சொன்னால் போதும். அன்றைக்கே அனுப்பாமல், பறவை இடம் மாறிய பிறகு அனுப்புங்கள். படத்துக்காகக் கூட்டின் அருகே போகாதீர்கள். தாய் எழுந்து பறந்தால் காகம் வந்துவிடும், வெயிலில் குஞ்சு வாடிவிடும். கோடியக்கரைக்குப் போகிறவர்கள் பூநாரைகளைப் பறக்கவைத்துப் படம் எடுக்கிறார்கள். அவை வெகுதொலைவிலிருந்து வந்து இரை தேடும் நேரம் அது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் படகின் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லுங்கள், அப்போது கேட்பதை ஒலியாகவே அனுப்பலாம். பங்குனி ஆமை என்னும் கடலாமை கரையேறுவதைப் பார்த்தால் டார்ச் அடிக்காதீர்கள். கொக்கு, மடையான் எதையும் பிடிப்பதும் விற்பதும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கண்ணில் பட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.


வடுவூர் ஏரிக்கரை:

நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இடம் சொல்லாத படத்தில் அவருக்கு என்ன மிஞ்சும்? அவர் கேட்டது நாரையை அல்ல, நான் நிற்கும் இடத்தை.


திருத்துறைப்பூண்டி பக்கம்:

இரண்டு வருடம் இதை யாரிடமும் சொல்லவில்லை.

சிலி நாட்டில் அந்தோஃபகஸ்தா என்ற ஊர்த் தோழி. கடலோரம்தான், ஆனால் பாலைவனம். ஆண்டு முழுவதும் சேர்த்தே சில மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர். அவள் மகனுக்கு மழை என்றால் என்னவென்று தெரியாது. "மழைச் சத்தம் அனுப்பு" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஐப்பசியில் எனக்கு நேரம் இல்லை. நடவு, களை, பிள்ளைகளின் பள்ளி. பிறகு அனுப்புகிறேன் என்று தள்ளிப்போட்டேன்.

2023 பிப்ரவரி தொடக்கத்தில் மழை வந்ததே, நினைவிருக்கும். சம்பா கதிர் முற்றி, அறுவடை இயந்திரத்துக்குச் சொல்லிவைத்திருந்தோம். பதினைந்து மா நிலம். இரவு முழுவதும் பெய்தது. மாமனார் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வாருங்கள் மாமா என்று மூன்று முறை கூப்பிட்டேன். விளக்கைக்கூடப் போடவிடவில்லை. அந்த நேரத்தில் எனக்கு ஏன் அப்படித் தோன்றியதோ, தோழியின் நினைவு வந்தது. செல்போனைச் சன்னல் ஓரத்தில் வைத்தேன். ஓட்டில் விழும் மழை, தாழ்வாரத்துப் பித்தளை அண்டாவில் விழும் மழை, வயல் முழுவதும் தவளை. ஆறு நிமிடம். அனுப்பிவிட்டேன்.

நாலாம் நாள் வெயில் வந்தது. வயலில் இறங்கினோம். சாய்ந்த கதிரை மாமனார் கையால் தூக்கினார். நெல்மணிகளில் வெள்ளையாக முளை விட்டிருந்தது, எறும்பு முட்டையைக் கோத்ததைப்போல. ஒன்றும் பேசாமல் திரும்ப நீரிலேயே வைத்தார், மெதுவாக, உடைந்துவிடும் என்பதைப்போல.

அன்று மாலை தோழியின் பதில் வந்தது. மகன் அதைக் கேட்டபடி தூங்கிவிட்டானாம். இப்போதும் தினமும் இரவில் அதைத்தான் போடச் சொல்கிறானாம். நடுவில் ஓர் இடத்தில் யாரோ தொண்டையைச் செருமும் சத்தம் வருகிறதே, அது யார், உன் வீட்டுத் தாத்தாவா, அவரும் மழையை ரசித்துக்கொண்டிருந்தாரா என்று கேட்டிருந்தாள்.

ஆமாம் என்று எழுதினேன்.