பழைய செயலியை நீக்கிவிட்டு ஏபிகே நிறுவச் சொல்கிறது ஒரு தளம்: செய்யலாமா?

கேள்வி:
வணக்கம். நான் கூகுள் பிளேயிலிருந்து நிறுவிய ஒரு செயலியின் புதிய பதிப்பு எனக்கு இன்னும் வரவில்லை என்பதால், வேறொரு தளத்திலிருந்து அதன் ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு செயலியின் நிறுவல் கோப்பு) இறக்கினேன். ஏற்கெனவே உள்ள தொகுப்புடன் முரண்படுவதாகக் கூறிக் கைபேசி அதை நிறுவ மறுக்கிறது. பழையதை நீக்கி, தீங்கான செயலிகளைக் கண்டறியும் கூகுளின் பிளே புரொடெக்டையும் அணைத்துவிட்டு நிறுவுமாறு அத்தளம் அறிவுறுத்துகிறது. இது பாதுகாப்பானதா?

மறுமொழி 1:
வேண்டாம். ஒவ்வொரு ஏபிகேயும் அதை உருவாக்கியவரின் மறைச்சாவியால் (இரகசிய எண்ணால்) மின்முறையில் ஒப்பமிடப்படுகிறது. புதிய பதிப்பின் ஒப்பம் பழையதோடு பொருந்தினால்தான் ஆண்ட்ராய்டு மேம்படுத்த அனுமதிக்கும். கோப்பைத் திறந்து ஒரு வரியை மாற்றினாலும் மூல ஒப்பம் செல்லாது. மாற்றியவரிடம் அசல் சாவி இல்லாததால், அவர் வேறு சாவியால் ஒப்பமிட்டாக வேண்டும். பழைய செயலியை நீக்கிவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் மிஞ்சாது. அந்தத் தளம் கேட்பதும் அதைத்தான். செயலியில் சேமித்த தரவும் போய்விடும்.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரி, ஆயினும் ஒப்பம் மாறினாலே மோசடி என்று கொள்ள முடியாது. கட்டற்ற செயலிகளை வழங்கும் எஃப்-டிராய்டு தளம் பல செயலிகளை மூல நிரலிலிருந்து தானே தொகுத்துத் தன் சாவியால் ஒப்பமிடுவதால், அங்கும் இதே முரண் எழும். உங்கள் தளமோ காரணம் எதையும் கூறாமல் காவலை மட்டும் அகற்றச் சொல்கிறது. கோப்புக்கு அருகிலேயே ஷா-256 எண்ணை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்) அச்சிட்டிருந்தாலும் நம்பாதீர்கள். கோப்பை மாற்றியவரால் எண்ணையும் மாற்ற முடியும். உருவாக்குநர் தம் சொந்தத் தளத்தில் வெளியிட்ட ஒப்பச் சான்றிதழின் அடையாள எண்ணை, கணினியில் ஏபிகேசைனர் கருவி காட்டும் எண்ணோடு ஒப்பிடுவதே பொருளுள்ள சோதனை.

மறுமொழி 3:
உலாவிக்கு வழங்கிய 'அறியப்படாத செயலிகளை நிறுவும்' அனுமதியை உடனே திரும்பப் பெறுங்கள். 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் அது ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியே வழங்கப்படுகிறது. வாட்ஸ்அப்பிற்கு அதை ஒருபோதும் தராதீர்கள். போக்குவரத்து அபராதச் சீட்டு, திருமண அழைப்பிதழ் என்ற பெயர்களில் ஏபிகே வருவது அவ்வழியாகத்தான். குறுஞ்செய்தி அனுமதி கிடைத்தால் அவை வங்கியின் ஓடிபியைப் படித்துவிடும். அணுகல்தன்மை அனுமதி (மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் செயலிகளுக்கானது) கிடைத்தால் திரையைப் படிப்பதோடு உங்களுக்குப் பதிலாகப் பொத்தான்களையும் அழுத்தும்.

கேட்டவர்:
நன்றி. கோப்பை அழித்து, உலாவியின் அனுமதியையும் நீக்கிவிட்டேன். இத்தகைய செயலியை ஒருவர் ஏற்கெனவே நிறுவியிருந்தால் என்ன செய்வது?

மறுமொழி 3:
முதலில் இணையத்தைத் துண்டித்துவிட்டு, வேறொரு கைபேசியிலிருந்து வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். பணம் போயிருந்தால், தாமதிக்காமல் இந்தியாவின் இணையக் குற்ற உதவி எண்ணான 1930இல் புகார் அளிக்க வேண்டும்.