நான்கு மாதம் கிடந்த செயின்சா, மைனஸ் 8 டிகிரியில் ஸ்டார்ட் ஆகவில்லை

கேள்வி

விறகு அறுத்து முடித்த கையோடு செயின்சாவைக் கொட்டகை மூலையில் வைத்ததுதான். டேங்கில் பாதி பெட்ரோல் இருந்தது, அப்படியே விட்டுவிட்டேன். நான்கு மாதம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேற்றுக் காற்றில் ஒரு மரம் பாதையில் குறுக்கே விழுந்துவிட்டது. வெளியே மைனஸ் 8 டிகிரி. சோக்கை முழுதாகப் போட்டுக் கயிற்றை இழுத்தேன். நாலாவது இழுப்பில் 'டப்' என்று ஒரே ஒரு சத்தம். அதோடு சரி. பிறகு நாற்பது தடவையாவது இழுத்திருப்பேன், ஒரு முனகல்கூட இல்லை. பெட்ரோல் வாடைதான் குப்பென்று அடிக்கிறது. இன்று வலது கையைத் தூக்கிச் சட்டை போட முடியவில்லை.

45 சிசி மிஷின், வாங்கி மூன்று வருடம் ஆகிறது. வெயில் காலத்தில் இரண்டாவது இழுப்பிலேயே ஓடும். வீட்டுக்குள் கொண்டுவந்து ஹீட்டர் பக்கத்தில் வைத்துச் சூடாக்கலாமா? ஈதர் ஸ்பிரே அடித்தால் உடனே பிடிக்கும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அடிக்கலாமா?

பதில் 1

ஹீட்டர் பக்கம் கொண்டே போகாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு பரவும். எங்கே நெருப்பைத் தொடும் என்று சொல்ல முடியாது. ஈதரும் வேண்டாம். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு எண்ணெய் பெட்ரோலோடு கலந்துதான் வருகிறது. ஸ்பிரேயில் எண்ணெய் ஏது? சிலிண்டர் சுவரில் இருக்கிற கொஞ்சத்தையும் அது கழுவிவிடும்.

அந்த நாலாவது 'டப்'பில்தான் கோட்டை விட்டீர்கள் தம்பி. இன்ஜின் ஒரு தடவை இருமினால் முழுச் சோக்கின் வேலை முடிந்தது என்று அர்த்தம். உடனே பாதிச் சோக்குக்கு மாற்றி இழுக்க வேண்டும். நீங்கள் முழுச் சோக்கிலேயே நாற்பது தடவை இழுத்ததில் காற்று போகாமல் பெட்ரோலாக உள்ளே போயிருக்கிறது. தீப்பொறி தருகிற ஸ்பார்க் பிளக் பெட்ரோலில் குளித்திருக்கும். நானும் புதுசில் இப்படித்தான், கயிறே அறுந்து கையோடு வந்தது.

ஸ்விட்சை ஆஃப் செய்து பிளக்கைக் கழற்றுங்கள். ஓட்டை கீழ்ப்பக்கம் இருக்கும்படி மிஷினைச் சாய்த்து ஏழெட்டுத் தடவை இழுத்தால் தேங்கின பெட்ரோல் வெளியே வந்துவிடும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பிளக்கைத் துடைத்து இடைவெளியையும் பாருங்கள், பெரும்பாலான மிஷின்களுக்கு 0.5 மில்லிமீட்டர்.

டேங்கில் இருப்பது நான்கு மாதப் பழசு. சீக்கிரம் ஆவியாகிற பகுதிதான் குளிரில் தீப்பிடிக்க உதவுவது, அதுதான் முதலில் பறந்துபோகும். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் ஈரத்தையும் இழுத்து வைத்திருக்கும். வேறு கேனில் ஊற்றிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். கையேட்டில் 50:1 என்று இருந்தால் லிட்டருக்கு 20 மில்லி ஆயில். கண்ணளவு வேண்டாம்.

ஸ்டார்ட் செய்யும்போது, சங்கிலியைச் சுழலவிடாமல் பிடிக்கிற செயின் பிரேக் போட்டிருக்க வேண்டும். மிஷின் தரையில், வலது கால் நுனி பின் கைப்பிடிக்குள், இடது கை முன் கைப்பிடியில் கட்டைவிரல் சுற்றிப் பிடித்தபடி. குளிரில் கயிற்றைச் சுண்டி இழுக்காதீர்கள். இறுக்கம் தட்டுகிற வரை மெதுவாக இழுத்து, அங்கிருந்து வேகமாக. அந்தரத்தில் தூக்கிப் போட்டு இழுக்கிற வித்தையெல்லாம் வேண்டாம்.

பதில் 2

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பல மிஷின்களில் ஏர் ஃபில்டர் மூடிக்கு அடியில் ஒரு சின்ன ஷட்டர் இருக்கும், சூரியன் படமும் பனித்துகள் படமும் போட்டு. பனித்துகள் பக்கம் திருப்பினால் சிலிண்டரைச் சுற்றி வரும் சூடான காற்று கார்ப்ரேட்டருக்குப் போகும். இல்லாவிட்டால் ஸ்டார்ட் ஆகிப் பத்து நிமிடத்தில் உள்ளே பனி கட்டி நின்றுவிடும். இது மைனஸ் 8-ஐவிட, பூஜ்யத்தை ஒட்டிய ஈரக் குளிரில்தான் அதிகத் தொல்லை. வெயில் வந்ததும் மறக்காமல் திருப்பிவிடுங்கள், இல்லையென்றால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும்.

ஓடத் தொடங்கியதும் மரத்தில் வைத்துவிடாதீர்கள். பிஸ்டன் சீக்கிரம் சூடாகி விரியும், சிலிண்டர் மெதுவாகத்தான் விரியும். ஜில்லிட்ட இன்ஜினை முழு ஆக்சிலேட்டரில் விரட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஓரிரு நிமிடம் மிதமாக ஓடட்டும். சங்கிலி சுற்றி ஓடுகிற நீளத் தகடுதான் பார்; அதற்குப் போகிற பார் ஆயிலும் குளிரில் தேன் மாதிரி கெட்டியாகிவிடும். பார் நுனியை ஒரு வெளிறின அட்டைக்கு மேலே, படாமல் பிடித்து ஆக்சிலேட்டர் கொடுங்கள். அட்டையில் எண்ணெய்க் கோடு விழாவிட்டால் அறுக்காதீர்கள். குளிர் காலத்துக்கென்று மெல்லிய பார் ஆயில் கிடைக்கிறது.

பதில் 3

எடுத்து வைக்கிற விஷயம். டேங்கைக் காலி செய்து, மிச்சமும் தீர்ந்து தானாக நிற்கும் வரை ஓடவிட்டுத்தான் வைப்பேன். பிளக் ஓட்டையில் சில சொட்டு டூ-ஸ்ட்ரோக் ஆயில் விட்டு, இரண்டு தடவை மெதுவாக இழுத்துவிடுவேன். பாரையும் சங்கிலியையும் கழற்றி, தூளைச் சுரண்டி, எண்ணெய் தடவி வைத்தால் துரு ஏறாது.

பதில் 1

காலியாக வைப்பதில் எனக்கு அவ்வளவு உடன்பாடில்லை. கார்ப்ரேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்கிற மெல்லிய சவ்வு காய்ந்து விறைத்துப்போனதைப் பல மிஷின்களில் பார்த்துவிட்டேன். நான் கடைசி டேங்குக்கு மட்டும் ஆல்கைலேட் பெட்ரோல் (எத்தனால் கலக்காத சுத்தமான ரகம்) ஊற்றி, கொஞ்சம் ஓடவிட்டு அப்படியே வைக்கிறேன். அது சீக்கிரம் கெடாது, விலைதான் கூடுதல். சாதாரண பெட்ரோல்தான் கையில் இருக்கிறது என்றால் காலி செய்வதே மேல், பழசை விட்டு வைத்தால் பிசினாகிவிடும். உங்கள் மிஷினின் கையேடு என்ன சொல்கிறதோ அதைக் கேளுங்கள்.

இன்னொன்று. வேலை முடிந்ததும் சங்கிலியைத் தளர்த்துங்கள். சூட்டில் நீண்டிருக்கும்போது இறுக்கிவிட்டு அப்படியே வைத்தால், குளிரில் சுருங்கி பாரைக் கவ்விக்கொள்ளும். கிராங்க் பேரிங் வரைக்கும் அந்த இழுப்பு போகும். சூடான வீட்டுக்குள்ளும் வெளியிலுமாக மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டும் திரியாதீர்கள். உள்ளே வியர்க்கும், வெளியே போனதும் அதே ஈரம் உறையும். குளிரானாலும் ஒரே இடம், ஈரமில்லாத இடம்.

கேள்வி கேட்டவர்

பிளக்கைத் தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது. சாய்த்து இழுத்ததும் பெட்ரோல் பீச்சி அடித்தது, நல்ல வேளை முகத்தைத் தள்ளி வைத்திருந்தேன். புதுக் கலவை ஊற்றி, முழுச் சோக்கில் மூன்றாவது இழுப்பில் 'டப்', பாதிச் சோக்கில் அடுத்த இரண்டாவதில் ஓடிவிட்டது!

ஷட்டர் சூரியன் பக்கமே இருந்தது. அப்படி ஒன்று இருப்பதே மூன்று வருடமாகத் தெரியாது. அட்டையில் கோடு விழ ஐந்து நிமிடம் பிடித்தது.

ஒரு கூத்தும் நடந்தது. செயின் பிரேக்கை எடுக்க மறந்து ஆக்சிலேட்டரை அழுத்திவிட்டேன். கிளட்ச் பக்கம் புகை. உடனே அணைத்துவிட்டேன். இதனால் ஏதாவது கெட்டிருக்குமா அண்ணா?

பதில் 1

ஓரிரு நொடி என்றால் ஒன்றும் ஆகியிருக்காது. ஓடத் தொடங்கியதும் ஆக்சிலேட்டரை ஒரு தட்டு தட்டி ஐடிலுக்குக் கொண்டுவந்து, அதற்கப்புறம் பிரேக்கை எடுக்க வேண்டும். கவரைக் கழற்றிக் கிளட்ச் டிரம்மைப் பாருங்கள். நீலம் பாரித்திருந்தால் ஒரு படம் போடுங்கள்.