கூரை முழுக்க சோலார் பேனல் போட்டால் கீழே தக்காளி வருமா? (வேலூர் பக்கம்)

ஒடுகத்தூர்க்காரன்:
வணக்கம். ஒடுகத்தூர் பக்கத்தில் நிலம் இருக்கிறது. அதில் 25 சென்ட்டில், அதாவது கிட்டத்தட்ட 1000 சதுர மீட்டரில், பாலித்தீன் ஷீட் போட்ட பசுமைக்குடில் அமைத்து தக்காளியும் குடைமிளகாயும் வைக்கலாம் என்று யோசனை. சோலார் விற்கிற ஒருவர் வந்து பார்த்துவிட்டு, கூரை முழுக்கப் பேனலே போட்டுவிடுங்கள், கரண்டும் வரும், வெயிலும் தணியும், பயிரும் விளையும் என்கிறார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை, வெளிச்சம் இல்லாமல் செடி நெட்டையாக ஓடிவிடும் என்கிறார். நம்ம ஊர் மே மாத வெயிலுக்கு நிழல் நல்லதுதானே என்று எனக்குத் தோன்றுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். போர்வெல் தண்ணீர் கொஞ்சம் உப்பு, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரணி சோலார்:
அப்பா சொல்வதுதான் சரி. இத்தாலியில் சார்டினியா தீவில் ஒரு பசுமைக்குடிலின் கூரையில் பாதியைப் பேனலால் மூடி, உள்ளே தக்காளி வைத்து அளந்து பார்த்தார்கள். பாதிதானே மூடினோம், பாதி வெளிச்சமாவது வரும் என்று நினைப்போம், ஆனால் வருடச் சராசரியில் 64 சதவீத வெளிச்சம் போய்விட்டது. ஸ்பெயினில் அல்மெரியா என்று ஒரு பகுதி, கண்ணுக்கெட்டிய தூரம் வரை பசுமைக்குடில்தான். அங்கே கூரையில் 10 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவாகச் சதுரங்கக் கட்டம் மாதிரி மாற்றி மாற்றி வைத்தபோது தக்காளி மகசூல் குறையவில்லை, ஆனால் காய் கொஞ்சம் சிறுத்தது, நிறமும் மாறியது.

அதனால் எவ்வளவு பேனல் பிடிக்கும் என்று பார்க்காதீர்கள், எவ்வளவு கரண்ட் வேண்டும் என்று பாருங்கள். 1000 சதுர மீட்டர் குடிலை கூலிங் பேட் (தண்ணீரில் நனைந்த தடித்த அட்டை, அதன் வழியே வரும் காற்று குளிர்ந்துவிடும்) வைத்துக் குளிர்விக்க, ஒன்றரை எச்.பி. எக்ஸாஸ்ட் ஃபேன் ஆறு வேண்டியிருக்கும். பகலில் ஒன்பது மணி நேரம் ஓடினால் 60 யூனிட். நம்ம பக்கம் 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும், ஆக 15 கிலோவாட் போதும். 550 வாட் பேனலில் அது 28 பேனல், எல்லாம் சேர்த்து 72 சதுர மீட்டர், உங்கள் கூரையில் 7 சதவீதம்தான். வெயில் ஏறும்போதுதான் ஃபேனும் அதிகம் ஓட வேண்டும், அதே நேரத்தில்தான் பேனலும் நன்றாகத் தரும், அதனால் பெரிய பேட்டரி செலவும் இல்லை.

கே.வி.குப்பம் நாற்றுப்பண்ணை:
கணக்கு சரி அண்ணா, ஆனால் அந்த 28 பேனலையும் கூரையில் ஏற்ற வேண்டாம் என்பேன். குடிலின் ஜிஐ பைப் பிளாஸ்டிக் ஷீட்டைத் தாங்குவதற்காகப் போடுவது. 550 வாட் பேனல் ஒன்றே 27, 28 கிலோ வரும். எடையைக்கூடச் சமாளித்துவிடலாம், ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழைக்கு முன்னால் அடிக்கிற சூறைக்காற்று கீழிருந்து பேனலைத் தூக்கும், அதுதான் பயம். அப்புறம் சில வருடத்துக்கு ஒருமுறை ஷீட் மாற்றியாக வேண்டும், அப்போது எல்லாப் பேனலையும் கழற்றுவீர்களா?

குடிலுக்கு வடக்கே தனி ஸ்டாண்டு அடித்து, தெற்குப் பார்த்த மாதிரி வையுங்கள். ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடு வரை நம்ம ஊரில் உச்சிச் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே போய்விடும், அப்போது மதிய நிழல் குடில் ஓரத்தில் இரண்டு மூன்று அடி விழலாம், அந்த வெயிலில் அது நல்லதே. மற்ற மாதங்களில் மதிய நிழல் வடக்கே போய்விடும், மழைக்காலத்து மந்தமான வெளிச்சம் அப்படியே செடிக்குக் கிடைக்கும்.

உப்புத் தண்ணீரை நேராக பேடில் விட்டால் உப்பு படிந்து அடைத்துவிடும், பனி மாதிரி தண்ணீர் தூவுகிற ஃபாகர் நாசில் கேட்கவே வேண்டாம். கூரைத் தண்ணீரைப் பிடித்து பண்ணைக்குட்டையில் விடுங்கள். 1000 சதுர மீட்டர் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர்.

பேரணாம்பட்டு தோட்டம்:
தம்பி, பேனலை விடுங்கள், முதலில் பயிரை யோசியுங்கள். தக்காளிக்குப் பகல் சூட்டைவிட இரவுச் சூடுதான் பெரிய எதிரி. மே மாதம் இங்கே இரவிலும் பெரும்பாலும் 25 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை, மகரந்தம் கெட்டு பூ கொட்டும், இரவில் ஃபேன் ஓட்ட சோலாரும் இருக்காது. மூடிய குடிலில் காற்றும் தேனீயும் இல்லாததால் மகரந்தம் உதிர பூங்கொத்தை ஆள் வைத்துத் தட்டிவிட வேண்டும். அதனால் தக்காளியை ஆடி தாண்டி நடுங்கள். கோடையில் நிழல் தாங்குகிற கொத்தமல்லி, புதினா, பாலக் வையுங்கள். வெயில் காலத்தில் கொத்தமல்லிக் கட்டு என்ன விலை போகிறது என்று காட்பாடி உழவர் சந்தையில் ஒரு காலை நின்று பாருங்கள், புரியும்.

முள் கத்திரியை மட்டும் எந்த நிழலிலும் கொண்டுபோய் வைக்காதீர்கள். உங்கள் தாலுகா இலவம்பாடி முள் கத்திரிக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, அது திறந்த வெயிலில் வளர்கிற செடி.

ஒடுகத்தூர்க்காரன்:
ரொம்ப நன்றி. அப்பாவிடம் படித்துக் காட்டினேன், வடக்கு ஸ்டாண்டு யோசனை அவருக்கும் பிடித்திருக்கிறது. ஸ்டாண்டு எவ்வளவு உயரம் வைக்கலாம்? மானியத்துக்கு எங்கே போக வேண்டும்?

கே.வி.குப்பம் நாற்றுப்பண்ணை:
தாழ்வான பக்கம் எட்டு அடி வையுங்கள், ஆள் நிமிர்ந்து வேலை செய்யலாம். வரிசைக்கு நடுவில் இடம் விட்டால் பேரணாம்பட்டு அக்கா சொன்ன கொத்தமல்லியை அதன் கீழேயே விதைக்கலாம், பேனல் கழுவுகிற தண்ணீரும் அங்கேயே பாயும். குடிலுக்குத் தோட்டக்கலைத் துறையில் பாதி வரை மானியம் உண்டு, சோலார் மோட்டாருக்கு வேளாண்மைப் பொறியியல் துறை. பைப் இறக்குவதற்கு முன்னாலேயே போய்க் கேளுங்கள். ரகம் எது என்று விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள், போகும்போது போர்வெல் தண்ணீர் ஒரு பாட்டில் எடுத்துப் போங்கள்.